விருந்தாளியின் பெயர்

1

சின்ன ஊர்களில் அலைந்துவிட்டு வந்து எழுதுகிறவர்களின் கட்டுரைகளில் தவறாமல் ஒரு பாட்டி வருவாள். பஸ்ஸைத் தவறவிட்ட எழுத்தாளருக்குத் திண்ணையில் இடம் கொடுப்பாள், சொம்பில் தண்ணீர் கொடுப்பாள், 'ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ ராசா' என்பாள். நகரத்தில் செத்துப்போன மனிதநேயம் இந்த ஓட்டு வீட்டில் இன்னமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுத்தாளர் கண்கலங்கிக் கட்டுரையை முடிப்பார். கேலிக்காகச் சொல்லவில்லை. நானே அப்படி இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தப் பாட்டிகளும் பொய் இல்லை, சோறும் பொய் இல்லை.

ஆனால் சொம்பு கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வருகிறது. 'தம்பிக்கு எந்தூரு?' ஊர் சொன்னால், 'யாரு வூட்டுப் புள்ள?' அதிலும் பிடி கிடைக்கவில்லை என்றால், 'எந்தத் தெரு?' இந்த மூன்றாவது கேள்வியோடு காரியம் முடிந்துவிடும். தெருப்பெயரில் சாதியை எழுதி வைத்திருக்கிற நாடு இது. பயணக் கட்டுரைகளில் இந்தக் கேள்விகள் காணாமல் போய்விடுகின்றன. எழுதுகிறவருக்கு அவற்றுக்குப் பதில் சொல்வதில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை என்பதுதான் காரணம். தடுக்கி விழாத படியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பதுதான் பழைய பொருள். தொல்காப்பியம் புதுவகைச் செய்யுளையும் இதே சொல்லால்தான் குறிக்கிறது. அப்படிப் பார்த்தால் உறவுக்காரன் விருந்தாளி ஆகமாட்டான். முன்பின் தெரியாதவன்தான் விருந்து. வள்ளுவர் ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கியது இந்த அறிமுகமற்றவனுக்காக என்றே நான் படிக்க விரும்புகிறேன். அப்படியானால் 'எந்தத் தெரு?' என்ற கேள்வி என்ன வேலை செய்கிறது? வந்த புதுசைப் பழசாக்குகிறது. ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிற ஏதாவது ஒரு அறையில் அவனைக் கொண்டுபோய் வைக்கிறது. அறை கிடைக்காவிட்டால் வாசலில்.

விருந்தோம்பல் என்பது வந்தவனிடம் பெயர் கேட்பதில் தொடங்குகிறதா, பெயர் கேட்காமல் கதவைத் திறப்பதில் தொடங்குகிறதா என்று 1996இல் பாரிஸ் கருத்தரங்க உரைகளில் தெரிதா கேட்டார். அடுத்த வருஷம் அது நூலாகவும் வந்தது. அவர் முன்னால் இருந்தவன் அந்நியன், எல்லை கடந்து வருகிறவன். நம்முடைய சிக்கல் வேறு. இங்கே பெயர் கேட்கப்படுகிறவன் எல்லை எதையும் கடக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறான்.

2

2004இல் நானும் ஒரு நண்பரும் தஞ்சை மாவட்டத்துப் பழைய சத்திரங்களைப் பார்த்துவிட்டு வருவதென்று கிளம்பினோம். நண்பர் பள்ளிக்கூட ஆசிரியர், கீழத்தஞ்சைக்காரர், தலித். நான் நிலமுள்ள ஓர் இடைநிலைச் சாதியில் பிறந்தவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

முதலில் ஒரத்தநாடு. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி, முக்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரம். ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. யானையும் குதிரையும் இழுக்கிற தேர்மாதிரி முகப்பு. உள்ளே போனால் தூண்கள், முற்றங்கள், ஒன்றைத் தாண்டி இன்னொன்று. ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் வழிநெடுகக் கட்டிய சத்திரங்களில் ஒன்று இது. பல சத்திரங்கள் அரண்மனைப் பெண்களின் பெயரில் நின்றன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் அப்படித்தான்.

1799இல் கும்பெனியார் தஞ்சை நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிறகு, சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் தன் கையை விட்டுப் போய்விடக்கூடாது என்று சரபோஜி மன்றாடினார். 1801இல் ரெசிடென்டுக்கு அவர் எழுதிய கடிதம், இந்தியாவில் விருந்தோம்பலின் வரலாற்றை எழுத நினைக்கிற எவரும் படிக்கவேண்டிய ஆவணம். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் அடுக்குகிறார். வழிப்போக்கர்களுக்கு, பிராமணர் முதல் பறையர் வரை, சோறு போடப்படுகிறது. ஜோகிகள், ஜங்கமர், பைராகிகள் எல்லோருக்கும் உண்டு. நடுராத்திரி மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைக்கிறார்கள். நடக்க முடியாதவர் தங்கும்வரை தங்கலாம். வைத்தியர் உண்டு, பாம்புக்கடிக்கு மருந்து உண்டு. கைக்குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குப் பராமரிப்பு. அநாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறு, எழுத்து, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். செத்துப்போனால் அவரவர் வழக்கப்படி அடக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நடுராத்திரி மணியை இன்னும் மறக்க முடியவில்லை. வந்து கேட்டால் போடுவது வேறு. கேட்கக் கூச்சப்பட்டு இருட்டில் படுத்துக் கிடக்கிறவனை மணி அடித்துக் கூப்பிடுவது வேறு. நம்முடைய இன்றைய அரசு எதுவும், சத்துணவு நீங்கலாக, இப்படிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

நண்பர் வேறொரு வரியில் விரல் வைத்தார். சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியாகவும் மளிகைச் சாமானாகவும் கொடுக்கிறோம் என்று கடிதத்தில் வருகிறது. 'யாரு தோழர் இந்த வேண்டாங்கறவங்க? பசியோட நடந்து வந்தவன் எவனாவது வெந்த சோத்தை வேண்டாம்பானா?' என்று கேட்டார். சரிதான். யார் கை பட்ட சோறு என்பதில் கணக்குப் பார்க்கிறவனுக்காக வைத்த ஏற்பாடு அது. 'பிராமணர் முதல் பறையர் வரை' என்று கடிதம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அந்த 'முதல்'க்கும் 'வரை'க்கும் நடுவில் எத்தனை முற்றம், எத்தனை பந்தி என்பதைக் கும்பெனி அதிகாரிக்குச் சொல்லவேண்டிய அவசியம் ராஜாவுக்கு இருக்கவில்லை. கடிதம் ஒரு மனு. மனுவில் எவனும் தன் வீட்டுச் சுவர்களை வரைந்து காட்டமாட்டான். அந்தச் சோறு உண்மை. அந்தச் சுவரும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற வரலாறு, ராஜ விசுவாசிகளுடையதாக இருந்தாலும் நம்முடையதாக இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

கட்டியவன் யார், உண்கிறவன் யார் என்பதும் ஒத்துப்போக வேண்டியதில்லை. 1904இல் காசிக்குப் போன ஈ.வெ.ராமசாமி பூணூலைப் போட்டுக்கொண்டு ஒரு சத்திரத்தில் நுழையப் பார்த்தார். மீசை காட்டிக்கொடுத்துவிட்டது. வாசற்காரன் தெருவில் தள்ளினான். பசி தாங்காமல் வெளியே எறிந்த எச்சில் இலையில் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், சத்திரத்தைக் கட்டியவர் தெற்கேயிருந்து வந்த பிராமணரல்லாத செல்வர் என்று எழுதியிருந்தது. அவர் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற சம்பவம். பூணூல் என்ற பொய் அடையாளத்தை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பசித்தவன் இன்னொருவனாகத் தன்னைக் காட்டிக்கொண்டால்தான் சோறு என்ற நிலை அது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

3

ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி வழியாக நீடாமங்கலம். ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். அந்தக் கேட்டில் காத்திராதவன் கீழத்தஞ்சையைப் பார்த்தவன் ஆகமாட்டான் என்று கண்டக்டர் சொன்னார்.

நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதே ஊரில் 1937 டிசம்பர் 28ஆம் தேதி தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் அரசியல் மாநாடு நடந்தது. ராஜாஜி மந்திரிசபை ஆட்சிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மாநாட்டில் சமபந்தி போஜனம் என்று அறிவித்தார்கள். பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்த தலித் தொழிலாளர்கள் சிலர் அந்த அறிவிப்பை நம்பிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். பந்தியிலேயே அடி. பிறகு அவர்களைப் பிடித்து, கட்டிவைத்து அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் புகட்டினார்கள். 'விடுதலை' அதை வெளியே கொண்டுவந்தது. தேசியப் பத்திரிகை உலகம் மறுத்தது. 'விடுதலை' மீது அவதூறு வழக்கும் போடப்பட்டது. ஆ.திருநீலகண்டன் 2017இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். நாங்கள் போனபோது அந்த நூல் இல்லை. திராவிட இயக்கத்துப் பெரியவர்கள் வாய்வழியாகச் சொன்னதுதான் கையில் இருந்தது.

சமபந்தியில் யார் விருந்தளிப்பவன்? காங்கிரஸ் கமிட்டியா? காந்தியா? தேசமா? 'எல்லாரும் வாங்க' என்று கூப்பிட்ட குரலுக்கு உடம்பு எது? கூப்பிட்டது தேசம், தண்டித்தது பண்ணை. தேசத்துக்குச் சொந்தமாக ஓர் இலைகூட இல்லை என்பது அன்று அந்தப் பந்தியில் தெரிந்துபோனது. இலையும் இடமும் மிராசுதாருடையவை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்காகக் காங்கிரஸே இரண்டுபட்டது. அங்கே தனியாக உட்காரவைத்தது பிரச்சனை. நீடாமங்கலத்தில் சேர்ந்து உட்கார்ந்தது குற்றம்.

தண்டனையின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். அடியோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்குள் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். சாப்பிட்ட வாய் அது. உள்ளே போன சோற்றை வெளியே எடுக்க முடியாத ஆத்திரத்தில் அதன்மேல் வேறொன்றை ஊற்றுகிறார்கள். விருந்தோம்பலைத் தலைகீழாகப் பிடித்தால் இப்படித்தான் இருக்கும். வாயைத் திறக்கவைத்து ஊட்டுவது.

4

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர் ஒன்றில் (ஊர்ப்பெயர் வேண்டாம்) பஸ் இல்லாமல் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். நல்ல மனிதர். துண்டை எடுத்துக் கொடுத்து 'தலையைத் தொவட்டுங்க மொதல்ல' என்றார். பிறகு வழக்கமான கேள்விகள். என் ஊரைச் சொன்னேன். 'அட, அங்க யாரு வூடு?' தாத்தா பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. எங்கோ ஒரு கல்யாணத்தில் சம்பந்தம் தொட்டு ஒரு நூல் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் நண்பர் பக்கம் திரும்பி, 'தம்பி?' என்றார்.

நண்பர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். 'அவரும் நம்ம ஆளுதான்.'

ஏன் சொன்னேன்? மழை. பசி. அவரை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற பெருந்தன்மை. இவையெல்லாம் அன்று ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். கூடத்தில் இலை போட்டார்கள். சுடுசோறு, மீன் குழம்பு, அப்பளம். வீட்டம்மா நின்று நின்று பரிமாறினார். 'வெக்கப்படாம சாப்புடுங்க தம்பி' என்று நண்பருக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். நண்பர் இலையை விட்டுத் தலை நிமிரவே இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் சொன்னார்: 'கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு தோழர். ஆனா சாப்பிட்டது நான் இல்ல. நீங்க ஒருத்தனை உண்டாக்கினீங்களே, அவன் சாப்பிட்டான். நான் பசியோடதான் படுத்தேன்.'

ஊருக்கு வந்து அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக்குறிப்பை மறுபடி எடுத்தேன். 1930களின் நடுவில் எழுதியது, அவர் மறைந்து பல வருஷம் கழித்து 1990இல்தான் அச்சானது. சொந்த நாட்டுச் சின்ன ஊர்களுக்குள் நுழைய விசா தேவைப்பட்டவனின் பயணக்கட்டுரைகள் என்றுதான் அதைச் சொல்லவேண்டும். 1901இல், ஒன்பது வயதில், அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் சாத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்படுகிறார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, முதல் ரயில் பயணம். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. கடிதம் போய்ச் சேரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார். யார் நீங்கள் என்கிறார். மகர் என்று பிள்ளைகள் உள்ளதைச் சொன்னதும் முகம் மாறிப் போய்விடுகிறார். இரட்டிப்பு வாடகைக்கு ஒரு மாட்டுவண்டி கிடைக்கிறது, பிள்ளைகளே ஓட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகிறான். வழியில் சுங்கச்சாவடி. கூடையில் சாப்பாடு நிறைய இருக்கிறது, தண்ணீர் இல்லை. முசல்மான் என்று சொல்லிக் கேளுங்கள் என்று வண்டிக்காரன் யோசனை சொல்கிறான். சொல்லிப் பார்க்கிறார்கள். கிடைக்கவில்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பட்டினியாகத் தூங்குகிறார்கள்.

அந்த வண்டிக்காரன் நான்தான். வயிற்றில் இரக்கம் இருக்கிறது. ஆனால் அந்த இரக்கத்துக்குத் தெரிந்த ஒரே வழி, வேறு பெயரைச் சொல் என்பது. பிறகு படித்து முடித்து அமெரிக்காவும் லண்டனும் பார்த்துவிட்டு பரோடாவில் வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு ஒரு பார்சி விடுதியில் இடம் கிடைத்ததும் வேறு பெயரில்தான். விடுதிப் பதிவேட்டுக்காக ஒரு பார்சிப் பெயர். பதினோராவது நாள் தடிகளோடு ஆட்கள் வந்தார்கள். நாளைக்கு ஒன்றரை ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். காசு கொடுத்தால் கேள்வி நின்றுவிடும், ஹோட்டல் வந்தால் சத்திரத்தின் சாதி போய்விடும் என்று நாம் எளிதாகச் சொல்கிற முதலாளித்துவ முன்னேற்றக் கதையாடல் பரோடாவில் பதினோரு நாள்தான் தாக்குப்பிடித்தது.

ஹோட்டல்களைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி என்பது 1941 வரை நடந்தது, போராடித்தான் போயிற்று. 1957இல்கூடத் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் ஒரே ஒரு சொல்லை அழிக்க மறியல் செய்து பலர் ஜெயிலுக்குப் போனார்கள். அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு ஹோட்டலையும் கிணற்றையும் குளத்தையும் எல்லோருக்கும் திறந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. டீக்கடைத் தனிக் கிளாஸை எதிர்த்துப் புகார் கொடுக்க இன்றைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் வீட்டுத் திண்ணைக்கு எந்தச் சட்டமும் வராது. வரக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன். அதனாலேயே அந்தத் திண்ணையைப் புகழ்ந்து எழுதுகிறவன் கூடுதலாகக் கூச்சப்பட வேண்டியிருக்கிறது.

5

அம்பேத்கரின் அதே குறிப்பில் இன்னொரு சின்ன ஊர் வருகிறது, சாலீஸ்காவ். நம்மவர்கள் இதைக் குறைவாகவே பேசுகிறார்கள். 1929. பம்பாய் அரசு அமைத்த கமிட்டி ஒன்றின் உறுப்பினராகப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஊர் மகர்கள் ராத்திரி தங்கிப் போகும்படி அவரை இறக்கிவிடுகிறார்கள். ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் காக்கவைக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. பிறகு ஒரு டாங்கா வருகிறது. ஓட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. பாலத்தில் சக்கரம் மாட்டி அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார், கால் முறிகிறது, வண்டியும் குதிரையும் ஆற்றில். பின்னால்தான் காரணம் தெரிகிறது. தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட டாங்காக்காரர்கள் மறுத்திருக்கிறார்கள். தங்கள் விருந்தாளி சேரி வரை நடந்து வருவதா என்று மகர்களுக்கு மனசு ஒப்பவில்லை. ஆகவே வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, தங்களில் ஒருவனை ஓட்ட வைத்தார்கள். விருந்தாளியின் உயிரைவிட அவருடைய கௌரவத்தைப் பெரிதாக நினைத்துவிட்டார்கள் என்பதை அம்பேத்கர் கோபமில்லாமல் எழுதுகிறார்.

நம்முடைய வரலாற்றில் தலித் எப்போதும் சோறு மறுக்கப்பட்டவராகவே வருகிறார், வாசலில் நிற்கிறவராக. விருந்து கொடுக்க வாசல் வைத்திருப்பவராக வருவதே இல்லை. கோயில் நுழைவு, ஹோட்டல் நுழைவு, சமபந்தி எல்லாமே 'அவர்களை உள்ளே விடுவது' பற்றிய பேச்சு. அவர்கள் வீட்டுக்குள் நாம் போய் என்ன செய்கிறோம் என்பதற்கு ஆவணக்காப்பகத்தில் கோப்பு கிடையாது. சாலீஸ்காவ் மகர்கள் கேட்டது கௌரவமாக ஒருவரை அழைத்துவந்து ஒரு ராத்திரி தங்கவைக்கும் உரிமையை. அதற்கு ஊர் விதித்த விலை ஒரு கால்.

அந்தத் தஞ்சைப் பயணம் முடிந்து சில மாதங்களில் நண்பரின் வீட்டுக்குப் போனேன். முதல் முறை. கூரை வீடு, சாணி மெழுகிய வாசல், மணி பதினொன்று இருக்கும், நல்ல வெயில். அவருடைய அம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், பேரனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார். பையன் ஓடிப்போய் ஒரு கலர் வாங்கி வந்தான். ஆரஞ்சு நிறம், மூடி திறக்காதது. எங்கள் ஊர்ச் சேரிகளுக்கு ஓட்டுக் கேட்டுப் போகிறவர்களுக்கும், கணக்கெடுக்கப் போகிற சர்க்கார்க்காரர்களுக்கும், புள்ளிவிவரம் சேகரிக்கப் போகிற எங்களைப் போன்ற தோழர்களுக்கும் இந்தக் கலரைத்தான் கொடுப்பார்கள். வந்தவர் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடும். சொன்னால் அவருக்கும் சங்கடம், இவர்களுக்கும் சங்கடம். அதனால் அந்தக் கேள்வியே எழாதபடி, கடையில் வாங்கிய, சீல் வைத்த பாட்டில். சரபோஜியின் சத்திரத்தில் சமைக்காத அரிசியைக் கொடுத்தார்களே, அதேதான். கூடுதலாக இந்த அரிசிக்குக் காசு கொடுப்பவர் அன்றாடம் கூலிக்குப் போகிற ஒரு அம்மா.

நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நாகரிகமாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன். பக்கத்தில் குடமும் அதன்மேல் எவர்சில்வர் சொம்பும் இருந்தன. நான் கேட்கவில்லை, அவர்களும் நீட்டவில்லை. கிளம்பும்போது நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலி பாட்டிலை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

அடுத்த முறை போனபோது நுழைந்த உடனே கேட்டேன். 'அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.'

அவர் குடத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். 'செத்த இருங்க தம்பி' என்றார். 'பய கடைக்குப் போயிருக்கான், இந்தா வந்துருவான்.'